‘எட்டும்’ என்றுதான் சொன்னேன்

சென்ற மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அமெச்சூர் அணிகளுக்கான கோல்ஃப் போட்டியின் இறுதி ஆட்டம் முடிந்ததும், தங்கள் நடுவர் குழு கூடி, நான் சொன்ன ‘எட்டும்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தை நீக்கிவிட்டு, மிச்சத்தை என் தங்கைக்கு எதிரான சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. அவள் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டதாக எழுதி, அதைத் தங்கள் கோல்ஃப் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. இது என் குற்றச்சாட்டு. போட்டிக் குழுத் தலைவர் அவர்களுக்கு இதை அனுப்புகிறேன். மன்ற உறுப்பினர்களும் கோல்ஃப் தெரியாத அக்கம்பக்கத்தாரும் படிக்கக் கூடும் என்பதால், விவரம் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

நான் லிப்ட் பழுதுபார்ப்பவன். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவன். எழுதப் படிக்க வேண்டியதைப் பிறகு நானாகவே கற்றுக்கொண்டேன். எனக்கு வந்த எந்தத் தாளையும் நான் எறிந்ததில்லை. அன்றைய நுழைவுச் சீட்டு, தங்கள் அறிவிப்பின் நகல், அதன் பிறகு நான் வாங்கிப் படித்த விதிநூல் ஆகியவை ஒரே உறையில் இருக்கின்றன. ஆனால் என் வாதம் அந்த உறைக்குள் இல்லை. தாங்கள் யாருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினீர்களோ அவள் எப்படிப்பட்டவள் என்று தங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

என் தங்கை பல் செட் செய்பவள். பல் மருத்துவர்கள் வாயில் எடுத்த அச்சை அவளுக்கு அனுப்புவார்கள். அவள் மெழுகில் ஈறு வார்த்து, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, கடித்தால் மேலும் கீழும் சேர்கிறதா என்று பார்த்து, தேய்த்து, மினுக்கிக் கொடுப்பாள். அவளுடைய வேலையறை ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் பின்புறத்தில் இருக்கிறது. ஒரு மேசை, கழுத்து வளைகிற விளக்கு, தேய்க்கும் மோட்டார், சுவரோரம் பெயரெழுதிய டப்பாக்களில் யார் யாருடைய வாயோ. மோட்டார் ஓடினால் தூள் பறக்கும். முகத்துக்குத் துணி கட்டினாலும் உள்ளே புகும். அதனால் வேலையில் இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பதை முதல் மாதத்திலேயே பழகிக்கொண்டாள். அந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. எதையாவது கவனமாகச் செய்கிறாள் என்றால் அவள் உதடு ஒட்டிக்கொள்ளும். காய் நறுக்கும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, சாலையைக் கடக்கும்போதுகூட அவளிடமிருந்து பதில் வராது.

“ஊருக்கெல்லாம் வாய் செஞ்சு குடுக்கறா. சொந்த வாயைத் திறக்கறதுக்குத்தான் ஆள் வைக்கணும்” என்பாள் என் மனைவி.

“அண்ணிக்கு ரெண்டு வாய் இருக்கு, அதான் நான் சும்மா இருக்கேன்” என்று அவள் பதில் சொல்வாள். வேலை முடிந்து கை கழுவிய பிறகுதான் சொல்வாள். அவள் எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்பவர்களை நாங்கள் மூவருமே விரும்புவதில்லை.

அவளுக்குக் கோல்ஃப் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குனிந்து குனிந்து வேலை செய்து அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. திரும்ப வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினாள். பார்த்த டாக்டர், மருந்தோடு கூட, தினமும் கொஞ்ச நேரம் தலை நிமிர்ந்து தூரத்தைப் பார்க்கச் சொன்னார். அவளுடைய அறையின் பின்கதவைத் திறந்தால் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் பொது கோல்ஃப் மைதானம். அதைவிடத் தூரமானது அந்தத் தெருவில் எதுவும் இல்லை. ஒரு முக்காலியைப் போட்டு ஏறி நின்று பார்க்கத் தொடங்கினாள். பந்துகள் அவ்வப்போது மதிலைத் தாண்டி வந்து விழும். பொறுக்கி வைத்துக்கொள்வாள். ஒரு நாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மைதானத்து வாசலுக்குப் போனாள். பல்லை மினுக்கும் அதே மோட்டாரில் மினுக்கி, பஞ்சு வைத்த டப்பாவில் அடுக்கியிருந்தாள்.

டப்பாவைத் திறந்து பார்த்த மைதானக் காவலர், “என்னம்மா, இதுங்களுக்குப் பல் தேய்ச்சு விட்டியா?” என்று கேட்டாராம்.

அவர்தான் அவள் கையில் முதன்முதலாக ஒரு மட்டையைக் கொடுத்தவர். தூரமாக அடிப்பது அவளுக்கு இன்றுவரை சரியாக வரவில்லை. ஆனால் பந்து குழிக்கு அருகே வந்துவிட்டால் அவளுடைய கை வேறு கை. அவசரப்படாமல் நின்று, பார்த்து, மறுபடி பார்த்துத்தான் அடிப்பாள். அங்கே அவளுக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதைப் பாராட்டு என்று அவளும், கிண்டல் என்று மற்றவர்களும் நினைத்தார்கள். கழுத்து சரியான பிறகும் அவள் போவதை நிறுத்தவில்லை. காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு சுற்று. திரும்பி வரும்போது காலணியில் புல் ஒட்டியிருக்கும், முகத்தில் ஒரு தெளிவு இருக்கும்.

எங்கள் பகுதி அணியில் அவளைச் சேர்த்தது அணித் தலைவி. அவர் பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்ட்டரில் இருப்பவர். எல்லோருக்கும் டிப்போ அக்கா. அணியில் மூன்றே பேர். அக்கா, ஒரு ரொட்டிக்கடைக்காரர், என் தங்கை. மூவரும் எதிரணியின் மூவரோடு தனித்தனியாக ஆடுவார்கள். இரண்டு பேர் ஜெயித்தால் அணி ஜெயித்தது. ஒவ்வொரு குழியும் ஒரு தனிச் சண்டை. யார் குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போடுகிறாரோ அந்தக் குழி அவருக்கு. முடிவில் யாருக்கு அதிகக் குழி என்று பார்ப்பார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம், சாப்பிட உட்கார்ந்தபோது, அவளாகவே வாய் திறந்தாள்.

“அண்ணா, ஞாயித்துக்கிழமை லீவு போடுவீங்களா?”

“எதுக்கு?”

“சும்மா. வந்து பாருங்களேன்.”

“பாத்து நான் என்ன செய்யப் போறேன்? புல்லு, பந்து, நடை. நடக்கறதுக்கு எனக்குப் படிக்கட்டு இருக்கு” என்றேன்.

“லிப்ட் ரிப்பேர் பண்றவரு படிக்கட்டைப் பத்திப் பேசறாரு பாரு” என்றாள் என் மனைவி. “நாங்க வரோம். நீ தைரியமா ஆடு.”

என் தங்கை தன்னுடைய எந்தக் காரியத்தையும் பார்க்க என்னை அழைத்தது அதுவே முதல் தடவை. அதனால் போனேன்.

கோல்ஃப் பார்ப்பது இன்னதென்று அதுவரை எனக்குத் தெரியாது. உட்கார இடமில்லை. ஆட்டக்காரரின் பின்னாலேயே கயிற்றுக்கு வெளியே நடக்க வேண்டும். அவர் நின்றால் நிற்க வேண்டும். அவர் மட்டையைத் தூக்கினால் மூச்சையும் அடக்கிக்கொள்ள வேண்டும். நல்ல அடிக்குக் கைதட்டலாம், ஆனால் ஏதோ தூங்குகிறவரை எழுப்பிவிடப் போகிறோம் என்பதுபோல விரல் நுனியால் தட்டுகிறார்கள். என் வேலைக் காலணி புல்லில் தடம் பதித்ததை ஒருவர் எனக்குச் சுட்டிக்காட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன். பாதி மைதானம் வந்த பிறகு அந்த மௌனம் எனக்குப் பிடித்துப்போனது. அத்தனை பேரும் பேசாமல் நிற்கும் இடத்தில், பேசாதவளான என் தங்கை மட்டும் இயல்பாக இருந்தாள்.

ரொட்டிக்கடைக்காரர் தோற்றார். அக்கா ஜெயித்தார். என் தங்கையோடு ஆடியவர் ஒரு மரக்கடைக்காரர்; பெரிய உடம்பு, மென்மையான பேச்சு. கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். ஆகவே அந்த ஒரு குழிதான் கோப்பை.

அந்தக் குழிக்கு முன்னால் ஒரு குளம் இருக்கிறது. பந்து குளத்தைத் தாண்டி விழ வேண்டும். மரக்கடைக்காரர் முதலில் அடித்தார். பந்து குளத்தில் விழுந்தது. அடுத்து என் தங்கை. கோல்ஃப் மட்டைகளுக்கு எண் உண்டு. எண்ணுக்கு ஏற்ப தூரம் மாறும். அவள் பையின் முன் நின்று ஏழாம் எண்ணையும் எட்டாம் எண்ணையும் பாதி உருவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளுக்குப் பின்புறம், கயிற்றை ஒட்டிய ஒரு மரத்தடியில் நின்றிருந்தோம்.

இனி நடந்ததைத் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அன்று புல் வெட்டியிருந்தார்கள். என் மனைவிக்கு வெட்டிய புல் ஆகாது. தும்மல் வந்துவிட்டது. நாத்தனார் அடிக்கப் போகும் நேரத்தில் தும்மக் கூடாது என்று ஒரு கையால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். கைக்குட்டை அவளுடைய பையில் இருந்தது. பையை நான் வந்தவுடனேயே மரத்தில், வெட்டிய கிளையின் முனையில் மாட்டியிருந்தேன். என் உயரத்துக்கு மாட்டியதை அவள் உயரத்துக்கு எடுக்க வேண்டும். இன்னொரு கையை மேலே நீட்டி, மூக்கைப் பிடித்தபடியே என்னிடம் கேட்டாள்:

“எட்டுமா?”

என் கண் தங்கையின் மேல் இருந்தது. திரும்பாமலே சொன்னேன்:

“எட்டும், எட்டும்.”

இரண்டு முறை சொன்னதற்கும் காரணம் உண்டு. லிப்ட் குழிக்குள் வேலை செய்பவன் கீழே நின்று மேல்மாடியில் இருக்கும் கூட்டாளியோடு பேச வேண்டும். ஒரு தடவை சொன்னால் எதிரொலி விழுங்கிவிடும். ஆகவே எதையும் உரக்கவும் இரண்டு தடவையும் சொல்வது எங்கள் தொழில் வழக்கம். வீட்டில் உப்பு கேட்டாலும் அப்படித்தான் கேட்பேன். பார்வையாளன் பேசியிருக்கக் கூடாது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

என் தங்கை எட்டாம் எண் மட்டையை உருவி அடித்தாள். பந்து குளத்தைத் தாண்டி, குழிக்கு அருகே போய் நின்றது. விரல் நுனிக் கைதட்டல்கூட அப்போது உரத்துக் கேட்டது. அவள் அந்தக் குழியை வென்றாள். மரக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றி அவளுக்குக் கை கொடுத்தார். என் மனைவி அதன் பிறகுதான் தும்மினாள்.

எதிரணித் தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவர். மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர். அவர் அக்காவிடம் வந்து, “உங்க ஆளு ‘எட்டா’ன்னு கேட்டாங்க. அவங்க அண்ணன் ‘எட்டு, எட்டு’ன்னு சொன்னாரு. நான் என் காதால கேட்டேன்” என்றார்.

“கண்ணுக்குக் கண்ணாடி விக்கறீங்க. காதுக்கும் ஒண்ணு மாட்டிட்டு வந்திருக்கலாம்ல” என்றார் அக்கா.

“கிண்டலை விடுங்க மேடம். குழு முடிவு பண்ணட்டும்.”

அவர் பொய் சொன்னதாக நான் கூறவில்லை. அவர் காதில் விழுந்ததை அவர் சொன்னார். தமிழ் பேசும் யாரும் ‘எட்டும்’ என்பதன் கடைசி ‘ம்’மை உதடு மூடி முழுதாகச் சொல்வதில்லை. அது மூக்கு வழியாகக் கொஞ்சம் கசிவதோடு சரி. மரத்துக்கு அந்தப் பக்கம் அதுவும் போயிருக்காது. என் மனைவியோ மூக்கையே பிடித்திருந்தாள். தலைவர் அவர்கள் தம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘எட்டுமா’ என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும். ‘மா’ வராது. இதற்கு எந்தச் செலவும் இல்லை, எந்த ஆவணமும் தேவையில்லை. ஆனால் அன்று யாரும் செய்து பார்க்கவில்லை.

விதிநூலை நான் பிறகு படித்தேன். எந்த மட்டை என்று ஆட்டக்காரர் பிறரிடம் கேட்பதுதான் குற்றம். அந்தக் குழி அவர் கையை விட்டுப் போகும். கேட்காமலே யாரோ சொன்னது காதில் விழுந்தால் ஆட்டக்காரர் மீது குற்றமில்லை. ஆகவே நான் என்ன சொன்னேன் என்பதைவிட, அவள் கேட்டாளா என்பதே கேள்வி. கோப்பைகள் அடுக்கிய மன்றத்து அறையில் தாங்கள் அவளிடம் கேட்டதும் அதுதான். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன், கதவு சாத்தியிருக்கவில்லை.

“நீங்க கேட்டீங்களா?”

“கேக்கலை.”

“ஒரு பொம்பளை குரல் கேட்டுதுன்னு சொல்றாரு. அப்ப யாரு கேட்டது?”

“தெரியாது. நான் திரும்பிப் பாக்கலை.”

“உங்க பின்னாடிதானே நின்னாங்க உங்க வீட்டு ஆளுங்க?”

“ஆமா.”

“அப்ப தெரியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?”

அவள் பதில் சொல்லவில்லை. அவள் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல மாட்டாள். ஒரு பல் கால் மயிரிழை உயரமாக இருந்தால்கூட மறுபடி மெழுகை உருக்குபவள். தாங்கள் அந்த மௌனத்தை மழுப்பல் என்று எடுத்துக்கொண்டீர்கள். “கேட்டது நான்தான்” என்று சொல்ல என் மனைவி உள்ளே போனாள். குடும்பத்தாரின் வார்த்தையைக் குழு ஏற்பதற்கில்லை என்று அவளைத் திருப்பி அனுப்பினீர்கள். குடும்பத்தாரான என் வார்த்தையை, அதுவும் ஓர் எழுத்தைக் கழித்துவிட்டு, ஏற்றுக்கொண்ட அதே குழு.

குழி எதிரணிக்குப் போனது, கோப்பையும் போனது. மறுநாள் பலகையில், ஆட்டக்காரர் பார்வையாளரிடம் அறிவுரை கேட்டார் என்று எழுதி ஒட்டினீர்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி அழுதாள். “என் மூக்கால உன் கோப்பை போச்சே” என்றாள்.

“நீங்க மூக்கைப் பிடிக்கலைன்னா நான் அடிக்கும்போதே தும்மியிருப்பீங்க. பந்து குளத்துக்குப் போயிருக்கும். எப்படியும் போறதுதான் அண்ணி” என்றாள் என் தங்கை. சிரிக்கவும் செய்தாள். அத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

முடியவில்லை. அவளுக்கு அச்சு அனுப்பும் பல் மருத்துவர்களில் ஒருவர் தங்கள் மன்றத்து உறுப்பினர். அடுத்த வாரம் ஒரு செட்டை வாங்கிக்கொண்டவர், “இந்தப் பல்லெல்லாம் யாரைக் கேட்டு வெச்சே?” என்றிருக்கிறார். வேடிக்கைக்காகத்தான் சொல்லியிருப்பார். அவள் வந்து அதை எங்களிடம் சொல்லவில்லை. பணம் கொடுக்க வந்த அவருடைய உதவியாளர்தான் வருத்தப்பட்டு என் மனைவியிடம் சொன்னார். அதற்குள் என் தங்கை காலையில் மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அடுத்த பருவத்துக்கு அணியில் தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

அக்கா வீடு தேடி வந்தார். “நீ வராம நான் யாரை வெச்சு ஆடறது? ரொட்டிக்காரர் ரொட்டியைக்கூட நேரா வெட்ட மாட்டேங்கறாரு.”

“எங்கூட ஆடினா நீங்க ஜெயிச்சாலும் சந்தேகப்படுவாங்க அக்கா.”

“படட்டும்.”

“என்னைப் படட்டும். உங்களைப் படக் கூடாது.”

இதைச் சொல்லும்போது அவள் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். அதைப் பார்த்தபோதுதான் காரியம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரிந்தது.

அவள் அழைத்ததால்தான் நான் அங்கே போனேன். அவளுடைய வாழ்க்கையில் அவளாகத் தேடிக்கொண்ட ஒரே இடம் அது. நான் ஒரு நாள் போய் நின்றதில் அந்த இடம் அவளுக்கு இல்லாமல் போனது. அவள் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

தங்களுக்கு எழுதப் போகிறேன் என்று அவளிடம் அனுமதி கேட்டேன். மாடியறை வாசலுக்கு வந்து நின்றாள்.

“கோப்பையைக் கேக்காதீங்க அண்ணா.”

“ஏன்? உன்னோடதுதானே?”

“மரக்கடைக்காரர் பாவம். அவருக்கு அதை வாங்கவே பிடிக்கலை. கைய நீட்டாமலே நின்னாரு. திரும்ப வாங்கினா அவருக்குத்தான் அசிங்கம்.”

“அப்ப என்னதான் கேக்கறது?”

“நான் கேக்கலைன்னு எழுதச் சொல்லுங்க. அது போதும். அவங்க எழுதி, அதே பலகையில ஒட்டினா, நான் போவேன்.”

ஆகவே கோப்பையைக் கேட்கவில்லை. ஆட்டத்தின் முடிவை மாற்றச் சொல்லவில்லை. என் மீது தடை விதிக்க விரும்பினால் விதிக்கலாம். மைதானத்தில் பேசியது நான். என் மனைவியையும் அக்காவையும் மரக்கடைக்காரரையும் அழைத்துக் குழு மறுபடி விசாரிக்க வேண்டும். என் தங்கை யாரிடமும் எதையும் கேட்கவில்லை என்று எழுதி, முந்தைய அறிவிப்பு இருந்த அதே பலகையில் ஒட்ட வேண்டும். அடுத்த பருவத்துக்கான அணிப் பட்டியலைக் கொடுக்கும் கடைசி நாள் ஏப்ரல் முப்பது. அவளுடைய இடத்தை அக்கா இன்னும் காலியாகவே வைத்திருக்கிறார்.

வாய்வழிப் பதிலை நான் ஏற்க இயலாது. சொல்லில் எழுத்து விழுந்துவிடுகிறது என்பது இப்போது நம் இரு தரப்புக்கும் தெரியும். ஏப்ரல் முப்பதுக்கு முன், குழுத் தலைவரின் கையொப்பத்துடன், எழுத்துமூலமான பதிலை என் தங்கையின் பெயருக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.